வீட்டுக்குள் ஒரு சாயப் பட்டறை

(பழைய மாணவியர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் வேதியியல் துறை முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"உன் தொழிலைப் பற்றிப் பேசு" என்று சங்கத்தில் சொன்னார்கள். என் தொழிலுக்கு என்ன பெயர் என்பதே பலருக்குச் சந்தேகம். அழைப்பிதழில் 'துணிக் கலைஞர்' என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் "அந்தச் சாயக்காரம்மா வீடு" என்றால்தான் தெரியும். எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடித்திருக்கிறது. மதுரையில் என் வீட்டின் பின்கட்டிலும் மொட்டை மாடியிலும் கைச்சுங்குடிச் சேலைகளுக்கு இயற்கைச் சாயம் போடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை, இதுதான் வருமானம்.

சுங்குடி உங்களுக்குப் புதிதல்ல. நாயக்கர் காலத்தில் மதுரையில் வேரூன்றிய சௌராஷ்டிர சமூகத்தார் வளர்த்த கலை. 2005-ல் மதுரை சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியை நுனிவிரலால் கிள்ளி எடுத்து, நூலால் இறுக்கிக் கட்டி, அப்படியே சாயத்தில் போடுவது. கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. பிரித்தால் புள்ளி. சொல்வதற்கு இவ்வளவுதான். எனக்கு முடிச்சுப் போடக் கற்றுத் தந்தவர் பக்கத்து வீட்டு அக்கா. "ரெண்டு சுத்து, ஒரு இழுப்பு. யோசிச்சா கை நின்னுரும்" என்பார். எனக்குக் கை நிற்காமல் போக ஒன்றரை வருஷம் பிடித்தது.

என்னுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறேன். காலை நாலரை மணிக்கு எழுவேன். முதல் கவலை காப்பி அல்ல, தண்ணீர். போர் தண்ணீரில் கொஞ்சம் இரும்பு கலந்திருந்தாலும் போதும், நல்ல சிவப்பு வரவேண்டிய சேலை மங்கி, கத்திரிப்பூ நிறத்துப் பக்கம் போய்விடும். அதனால் சாயத்துக்கென்று மழைத்தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பிடித்துத் தனித்தொட்டியில் வைத்திருக்கிறேன். அந்தத் தொட்டியில் யாரும் சொம்பை விடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். என் மாமியார் ஒருவர்தான் அதை மதிக்கிறார்.

ஐந்து மணிக்கு அடுப்பு. கட்டி முடித்து வந்த சேலையை முதல் நாளே கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்திருப்பேன். 400 கிராம் சேலைக்கு 80 கிராம் கடுக்காய்த் தோல் பொடி. அடுத்து 60 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீர். பருத்தி நாருக்குப் படிகாரத்தைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் குணம் குறைவு. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் நடுவில் நின்று அதைப் பிடித்துக் கொடுக்கிறது. அதன் பிறகுதான் சாயம் துணியில் தங்கும். நம் கல்லூரி ஆய்வகத்தில் 'அணைவுச் சேர்மம்' என்று எழுதி மார்க் வாங்கினோமே, அது அண்டாவில் கண்ணெதிரே நடக்கிறது. அன்றைக்கு எதற்காக இதைப் படிக்கிறோம் என்று முணுமுணுத்த கடைசி பெஞ்சுத் தோழிகள் இங்கே இருந்தால் கவனிக்கவும்!

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். நம் கடற்கரை மணலில் விளைந்த சாயவேரும் இதற்கு உறவு. இரண்டுமே காப்பிச் செடியின் குடும்பம். சாயவேரில் இருக்கும் அலிசரின் என்ற சிவப்புப் பொருளை 1868-ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் என்ற இருவர் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பு, 1856-ல், பெர்க்கின் என்ற பதினெட்டு வயதுப் பையன் லண்டனில் மலேரியா மருந்து செய்யப் போய் ஊதாச் சாயம் கண்டுபிடித்தான். 1897-ல் செயற்கை நீலமும் கடைக்கு வந்தது. இந்த நாற்பது வருஷத்தில், வேர் தோண்டியும் அவுரி விதைத்தும் பிழைத்த எத்தனையோ பேருடைய தொழில் போனது. பாடப் புத்தகத்தில் இதெல்லாம் வேதியியலின் வெற்றி. வெற்றிதான், மறுக்கவில்லை. வேர் தோண்டியவர் கதை அந்தப் பாடத்தில் வராது.

நீலம் தனி உலகம். அவுரி நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் போட்டுப் பானையில் புளிக்கவைத்தால், நாலைந்து நாளில் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாக மாறி, மேலே செம்பு நிறத்தில் நுரை கட்டும். அப்போதுதான் அது கரைந்திருக்கிறது என்று அர்த்தம். சேலையை முக்கி எடுத்தால் முதலில் பச்சை. காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. நாற்றம் மட்டும் அக்கம்பக்கத்துக்கு அலுத்துவிட்டது. அதற்குப் பரிகாரமாகத் தீபாவளிக்கு எங்கள் வீட்டிலிருந்து கூடுதலாகப் பலகாரம் போகும்.

இயற்கைச் சாயம் என்றாலே கெடுதல் இல்லாதது என்று நினைக்கவேண்டாம். நிறம் நிற்பதற்காகத் துத்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது செம்பு உப்பு, சாக்கடையில் விடக்கூடிய பொருளல்ல. என் பட்டறையில் படிகாரம், கொஞ்சம் இரும்பு, இவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். அதனால் என்னிடம் கிளிப்பச்சை கேட்டால் கிடைக்காது. பொடி இடிக்கும்போது மூக்கில் துணி கட்டாமல் உட்கார யாரையும் விடுவதுமில்லை.

எட்டு மணிக்குள் சாயவேலை முடியவேண்டும். பிறகு வீட்டு வேலை. பத்து மணியிலிருந்து சேலையில் குறி வைப்பது, வந்த முடிச்சுகளைச் சரிபார்ப்பது, பார்சல் கட்டுவது. இங்கேதான் வீட்டிலிருந்து தொழில் செய்வதன் தொல்லை. நடுவில் கேஸ் சிலிண்டர் வரும், கரண்ட் ரீடிங் எடுப்பவர் வருவார், கல்யாணப் பத்திரிகை வைக்க உறவினர் வருவார். "நீ வீட்லதானே சும்மா இருக்கே" என்று பக்கத்து வீட்டுச் சாவி என்னிடம்தான் வரும். இப்போது எட்டு வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது.

அலுவலகம் போகிறவளுக்குக் கதவும் நேரமும் அவளுக்காகப் பேசும். எனக்கு நானேதான் பேசவேண்டியிருந்தது. பின்கட்டுக்கு ஒரு கதவு போட்டு, பத்து முதல் ஒன்றரை வரை அதைச் சாத்திவைக்க ஆரம்பித்தேன். முதல் மாதம் வீட்டில் சங்கடம். மூன்றாவது மாதம் என் கணவரே வந்தவர்களிடம், "அவங்க வேலையில இருக்காங்க" என்று சொன்னார். ஒரு பெரிய ஆர்டர் கிடைத்ததைவிட அன்று அதிக சந்தோஷம்.

இனி கணக்கு. கணக்கில்லாமல் கலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் மாணவிகளுக்கு நான் பாதி உண்மை சொன்னதாக ஆகும். என் நோட்டிலிருந்து ஒரு சேலையின் கணக்கு இது. கைத்தறித் துணி 1,100 ரூபாய். 6,000 முடிச்சு, பழகிய கை ஒரு நாளைக்கு 600 போடும், ஆகப் பத்து நாள், நாளுக்கு 350 வீதம் 3,500. சாயப்பொருளும் எரிபொருளும் 600. சாயத்துக்கு உதவிக்கு வருபவருக்கு இரண்டு நாள் கூலி 800. மொத்தம் 6,000. இதில் என் உழைப்புக்கு ஒரு பைசாவும் சேர்க்கவில்லை. 8,500 ரூபாய்க்கு விற்கிறேன். இதையே ஒரு கடையில் கொடுத்து, அவர்கள் நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொண்டால் என் கைக்கு வருவது 5,950. அதாவது ஒவ்வொரு சேலைக்கும் நான் கடைக்காரருக்கு ஐம்பது ரூபாய் தட்சிணை வைக்கிறேன்! அந்தப் பணமும் சேலை விற்ற பிறகுதான் வரும், சமயத்தில் ஆறு மாதம் கழித்து. ஆகவே நேரில் வருபவர்களுக்கும், தொலைபேசியில் கேட்பவர்களுக்கும் மட்டுமே விற்கிறேன். மாதத்துக்கு ஆறு சேலை போனால் குடும்பம் நிமிர்ந்து நடக்கும். நாலு போனால் சமாளிக்கும்.

அதே தெருவில் 700 ரூபாய்க்குச் 'சுங்குடி' கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். அது அச்சுப் புள்ளி. அதைச் செய்பவர்களும் உழைப்பாளிகள்தான், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. வித்தியாசம் தெரிந்து வாங்குங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அச்சுப் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு, துணி வழவழவென்று இருக்கும். கைமுடிச்சில் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு மாதிரி. புதுச் சேலையைத் தடவினால் முடிச்சு இருந்த இடம் விரலுக்குத் தட்டுப்படும்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு பெரிய கடையிலிருந்து ஆள் வந்தார். நாற்பது நாளில் இருநூறு சேலை, எல்லாம் ஒரே சிவப்பு வேண்டும், பாதியை அச்சில் போட்டுக் கலந்தாலும் பரவாயில்லை, சீட்டில் 'கைச்சுங்குடி' என்று ஒட்டிவிடலாம் என்றார். தொகையைக் கேட்டு வீட்டில் எல்லோரும் வாயடைத்துப்போனோம். அப்போது என் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய நேரம். அன்று சாயங்காலம் முடிச்சுப் போடும் பெண்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் பேசினார்: "அச்சுப் புள்ளிக்கும் என் புள்ளிக்கும் ஒரே சீட்டுன்னா, அப்புறம் எனக்கு எதுக்கு கூலி குடுப்பே?" அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நல்லது நடந்தது என்று கதை சொல்ல எனக்கும் ஆசைதான். நடந்தது வேறு. அடுத்த மூன்று மாதம் வியாபாரம் மிகவும் மந்தம். கட்டணத்துக்கு நகை அடகுக்குப் போனது. முடிச்சுப் போட்டவர்களில் இரண்டு பேர் மாதச் சம்பளத்துக்காகக் கடை வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் போனது நியாயம். நானாக இருந்தாலும் போயிருப்பேன். நகையை மீட்க ஒரு வருஷம் ஆயிற்று. ஆனாலும் என் சீட்டில் எழுதியிருப்பதை வாங்குகிறவர் இன்று நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் மாதம் நாலோ ஆறோ சேலை போகிறது.

இன்னொன்றையும் அந்த நாட்களில் பிடிவாதமாக வைத்துக்கொண்டேன். என் வீட்டு வேலையை உலகம் 'சும்மா' என்கிறது என்று நான் வருத்தப்படுகிறேன். முடிச்சுப் போடும் பெண்களும் அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் போடுகிறார்கள். கடை எனக்கு ஆறு மாதம் கழித்துக் கொடுக்கிறது என்று சொல்லி நான் அவர்களுக்கு இழுத்தடித்தால், அந்தச் 'சும்மா'வை நானும் சொன்னதாகத்தானே ஆகும்? எனவே முடிச்சு எண்ணி வாங்கிய அன்று மாலையே கூலி. சேலை விற்றாலும் சரி, பீரோவில் தூங்கினாலும் சரி.

தங்கைகளே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். நான் தொடங்கியபோது எனக்கு முடிச்சுப் போட்டவர்கள் ஒன்பது பேர். இன்று நாலு பேர். அதில் மிக இளையவருக்கு வயது நாற்பத்தாறு. அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஊசியில் நூல் கோக்க முடியாவிட்டாலும் முடிச்சு மட்டும் இன்னும் தப்பவில்லை. இவர்கள் வீட்டுப் பெண்கள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். போகட்டும், வாழட்டும். அம்மா செய்த தொழிலைப் பெண்ணும் செய்தே தீரவேண்டும் என்று சொல்ல நான் யார்? ஆனால் இந்தக் கை நின்றுபோனால் திரும்ப யாரிடம் கற்பது?

ஆகவே ஒரு ஏற்பாடு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்து மணி முதல் ஒன்றரை வரை என் பின்கட்டுக் கதவு மாணவிகளுக்குத் திறந்திருக்கும். அக்கா முடிச்சுச் சொல்லித் தருவார், நான் சாயம் சொல்லித் தருகிறேன். கற்றுக்கொள்ளக் கட்டணம் கிடையாது. சொல்லித் தரும் அக்காவுக்கு அன்றைய கூலியை நான் கொடுத்துவிடுவேன். நீங்கள் போடும் முடிச்சு சேலையில் சேரும் தரத்துக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்கும் கூலி உண்டு. இலவச உழைப்பு அந்த வீட்டில் கிடையாது. எல்லோரும் இதைத் தொழிலாக எடுக்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வங்கிக்குப் போங்கள், ஆராய்ச்சிக்குப் போங்கள். இரண்டு பேர் கையில் இது தங்கினால் போதும். மற்றவர்கள் கடையில் ஒரு சேலையைத் தொட்டுப் பார்த்து, "இது கைமுடிச்சு இல்லையே" என்று சொல்லத் தெரிந்துகொண்டாலே எங்களுக்குப் பெரிய உதவி.

என்னுடன் படித்த தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்டீர்கள். "இனி வீட்டில் சும்மாதான்" என்று காலையிலிருந்து நாலு பேர் சொல்லக் கேட்டேன். வீட்டில் ஒரு மூலை, கதவு ஒன்று, கணக்கு எழுத ஒரு நோட்டு, இந்த மூன்றையும் முதலில் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தையலோ, ஊறுகாயோ, டியூஷனோ, எதுவாக இருந்தாலும் அது தொழில் ஆகிவிடும்.

நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சனிக்கிழமைக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் என்னைப் பாருங்கள். நகத்தில் நீலம் ஏறியிருப்பதால் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம்.