ஆகுலமும் ஆராதனையும்

(சங்கரன்கோவிலில் கூடிய நமது சங்கத்தின் கார்த்திகை மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கிறிஸ்து பிறப்புத் திருநாள் அணுகிவரும் இவ்வேளையில் அதனைப்பற்றிச் சில கூறுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். நம் குலத்தாருள் சைவரும் உளர், வைணவரும் உளர், கிறிஸ்து சமயத்தைத் தழுவினோரும் உளர். ஒரு பாட்டனாரின் பேரர்களுள் ஒருவர் சங்கரநாராயணர் சந்நிதியிலும் மற்றொருவர் தேவாலயத்திலும் நின்று தொழுகின்ற குடும்பங்கள் நம்மிடையே பலவாம். யாம் கிறிஸ்தவ மரபிற் பிறந்து, தமிழ் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோம். ஆதலின் யாம் கூறப்புகுவது முதற்கண் கிறிஸ்தவ இல்லத்தார்க்கே உரியதாயினும், திருநாள் கொண்டாடுவார் யாவர்க்கும் அதன் கருத்துப் பொதுவேயாம்.

இவ்வாண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு சங்கத்தின் சார்பில் பெருவிருந்தொன்று நடத்தல் வேண்டுமென்னும் யோசனை இன்று இவ்வவையின் முன் உளது. அதனைத் தீர்மானிக்குமுன் எம் சொற்களைச் சிறிது செவிமடுக்குமாறு வேண்டுகின்றோம்.

திருவள்ளுவர், மனத்தின்கண் மாசின்றி யிருத்தலே அறமென்றும், அஃதொழிந்த பிறவெல்லாம் ஆகுலத் தன்மையுடையன என்றும் அறன்வலியுறுத்தலிற் கூறினார். ஆகுலம் என்னும் சொல்லுக்கு அவ்விடத்து ஆரவாரம் என்று உரைகண்டார் பரிமேலழகர். அச்சொல்லுக்கே மனக்கலக்கம் என்னும் பொருளும் உண்டு. ஆரவாரமும் கலக்கமும் ஒரு சொல்லின் இரு பொருளாய் நிற்றல் நம் ஆராய்ச்சிக்குரியது. ஆரவாரம் எங்கு மிகுமோ அங்குக் கலக்கமும் உடன்புகும் என்பதை நம் வீட்டுத் திருநாட்களே நமக்கு உணர்த்துகின்றன. புறத்தே வெடியும் விளக்கும். அகத்தே கடனும் களைப்பும்.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் மார்த்தாள், மரியாள் என்னும் சகோதரிகள் இருவர் வரலாறு வருகின்றது. ஆண்டவர் அவர்கள் இல்லத்திற்கு எழுந்தருளினபோது ஒருத்தி விருந்துப் பணியிற் பரபரப்புற்றாள்; மற்றொருத்தி அவர் திருவடியருகே அமர்ந்து கேட்டாள். பணிசெய்தவள் தன் தங்கை உதவாமையைக் குறைகூறியபோது, அமர்ந்து கேட்டவளின் தெரிவே மேலானதென்று ஆண்டவர் உணர்த்தினார். மார்த்தாளின் அன்பை அவர் பழித்தாரல்லர். அவளது ஆகுலத்தையே எடுத்துக்காட்டினார். ஈண்டு ஆடவர்க்கு ஒரு சொல். மார்த்தாளைக் குறைகூறல் எளிது. அவளை அடுக்களையில் நிறுத்தினோர் யாவர்? முறுக்கும் அதிரசமும் முந்திரிக்கொத்தும் இரவெல்லாம் சுட்டுப் புகையுண்ட கண்களோடு, வைகறை ஆராதனையில் தூங்கி வழிகின்ற தாய்மார் தம் விருப்பால் அங்ஙனம் ஆனாரல்லர். எட்டு வகைப் பலகாரம் வேண்டுமென்று எதிர்பார்க்கும் நாமே அவர்களுடைய திருநாளைப் பறித்துக்கொண்டோம்.

இனி, பெத்லகேமில் அவ்விரவு நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். அகஸ்து இராயன் கட்டளையிட்ட குடிமதிப்பின் பொருட்டு மக்கள் தத்தம் சொந்த ஊர்களுக்குச் சென்றனர். சத்திரத்தில் இடமில்லை. பெத்லகேம் தீய ஊரென்று வேதம் கூறவில்லை. அஃது அலுவல் மிக்க ஊராயிருந்தது. அலுவல் மிகுதியால் தன்னகத்து வந்த விருந்தினரை அறியாது போயிற்று. ஊர்ப்புறத்தே மந்தையைக் காத்து விழித்திருந்த இடையரே முதலிற் செய்தி கேட்டனர். முதலில் வந்து தொழுதனர். அவர்கள் புத்தாடை உடுத்து வந்தாரல்லர்; பந்தி முடித்து வந்தாரல்லர்; கேட்டவுடன் வந்தனர். முதற் கிறிஸ்து பிறப்புத் திருநாள் விழித்திருந்தார்க்கே வாய்த்தது; பரபரப்புற்றிருந்தார்க்கு வாய்க்கவில்லை.

விழித்துக் காத்திருத்தல் யாதென்பதை அறிய நாம் நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நம் ஊரின் ஆடித்தபசே அதற்குச் சான்று பகரும். அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் திருக்கோலத்தைக் காணவேண்டிக் கோமதியம்மை தவமியற்றினாள் என்பதும், இறைவர் சங்கரநாராயணராய்க் காட்சியளித்தார் என்பதும் தலவரலாறு. அவ்விழாவில் கடைகள் உள, இராட்டினங்கள் உள, பல்லாயிரவர் திரளுகின்றனர். ஆயினும் முன்னோர் அதற்கு ஆடிச்சந்தை என்று பெயரிட்டாரல்லர். ஆடிவிருந்து என்றும் பெயரிட்டாரல்லர். தபசு என்றே பெயரிட்டனர். விழாவின் நடுநாயகம் காத்திருத்தலும் காட்சி பெறுதலுமே என்பதை அப்பெயரே காத்து வருகின்றது. நம் சைவ வைணவ உறவினர் இதனை நன்கறிவர்.

கிறிஸ்தவத் திருச்சபையும் இவ்வாறே டிசம்பர் 25ஆம் நாளுக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளைத் திருவருகைக் காலமென வகுத்துக் காத்திருத்தலை விதித்தது. பிறப்புத் திருநாள் தொடங்கிப் பன்னிரண்டு நாள் கொண்டாடி, ஜனவரி 6ஆம் நாளன்று ஞானியர் வந்து தொழுத திருநாளைக் கொண்டாடுவது பழைய முறை. இக்காலத்தே நாம் செய்வது என்னை? காத்திருக்க வேண்டிய நான்கு வாரமும் கடைவீதியிலும் கூட்டங்களிலும் கழிகின்றது; கொண்டாட வேண்டிய பன்னிரண்டு நாளோ களைப்பில் தொலைகின்றது. 25ஆம் நாள் பிற்பகலிலேயே திருநாள் முடிந்ததென்று விளக்குகளை அணைத்து உறங்கிவிடுகின்றோம்.

இத்திருநாளின் வரலாறு நமக்கு இரண்டு படிப்பினைகளைத் தருகின்றது. வேதத்தில் பிறந்த நாள் குறிக்கப்பெறவில்லை. உரோமாபுரியில் 354ஆம் ஆண்டிற் தொகுக்கப்பெற்ற ஏடொன்றில், 336ஆம் ஆண்டளவில் எழுந்ததெனக் கருதப்படும் பட்டியலே டிசம்பர் 25ஆம் நாளைக் காட்டும் பழஞ்சான்று. அர்மீனியத் திருச்சபையார் இன்றும் ஜனவரி 6ஆம் நாளையே பிறப்புத் திருநாளாகக் கொள்ளுகின்றனர். ஆகவே, நாளினும் நாளின் பொருளே பெரிதென்பது முதற்படிப்பினை.

ஆரவாரத்தை வெறுத்துத் திருநாளையே ஒழித்தலும் தகாது என்பது இரண்டாவது. இங்கிலாந்தில் தூய்மைவாதிகள் செல்வாக்குற்ற காலத்து, 1647இல் பாராளுமன்றம் இத்திருநாளை நீக்கிற்று. 1660இல் அரசர் ஆட்சி மீண்டபோது திருநாளும் மீண்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இல் இதனைக் கொண்டாடுவார்க்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தனர். 1681இல் அச்சட்டமும் ஒழிந்தது. மக்களின் மகிழ்ச்சியைச் சட்டத்தாற் கட்டுதல் இயலாது. அதனை நல்வழியிற் செலுத்துதலே அறிவுடைமை. 1223இல் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள் கிரெச்சோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் எருதும் கழுதையும் கொணர்ந்து குடில் அமைத்து, அவ்விடத்தே திருப்பலி நிகழச் செய்தார். அன்று குடில் வழிபாட்டிற்கு வாயிலாயிற்று. இன்று நம் வீதிகளிற் குடில்கள் பல எழுகின்றன, அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார் பலர், முழந்தாளிடுவார் சிலரே.

நம் தமிழகத்துப் பெரியோரும் விழாவையும் கலையையும் வழிபாட்டிற்கே உரிமையாக்கினர். இத்தாலி நாட்டினின்று வந்து, நமக்கு அணித்தாகிய காமநாயக்கன்பட்டியிற் பணியாற்றிய வீரமாமுனிவர், சூசையப்பரைத் தலைவராக்கித் தேம்பாவணி என்னும் 3615 விருத்தங்கொண்ட காப்பியத்தை 1726இல் இயற்றினார். 1774இல் திருநெல்வேலியிற் பிறந்து 1864இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார், மக்கள் விரும்பிக் கண்ட குறவஞ்சி என்னும் நாடக வகையை எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி செய்தார். குறத்தி வரலாம், பாடலாம், ஆடலாம். ஆனால் அவள் கூறும் குறி கிறிஸ்துவைப் பற்றியதாகல் வேண்டும். இதுவே அவர் கொண்ட முறை. பாட்டு வேண்டாமென்று அவர் கூறவில்லை. பாட்டுக்கு ஒரு தலைவரைத் தந்தார்.

நம் வட திருநெல்வேலிப் பகுதியில் 1854 முதல் கூடாரம் அடித்து ஊர் ஊராய்ச் சென்று நற்செய்தி கூறி, 1858இல் சிவகாசியில் உயிர்நீத்த இராக்லண்டு ஐயரையும் ஈண்டு நினைத்தல் தகும். கூடாரம் எனினும் வழிபாடு வழிபாடே யன்றோ? அலங்காரமின்றியும் ஆராதனை நிகழும். ஆராதனையின்றி அலங்காரத்தால் ஆவது யாதுமில்லை.

விருந்தும் தீதன்று. திருநெல்வேலித் திருச்சபையூர்களில் நிகழும் அசனப் பண்டிகையை நீவிர் அறிவீர். அவரவர் கொணர்ந்த அரிசியும் பிற காணிக்கைப் பொருள்களும் ஒன்றாய்ச் சேர்கின்றன. ஆராதனை முடிந்தபின் ஒரே உலையிற் பொங்கிய சோற்றைச் செல்வரும் ஏழையரும் ஒரே பந்தியில் உண்கின்றனர். அங்கு விருந்து வழிபாட்டினின்று பிறக்கின்றது. வழிபாட்டிற்குப் போட்டியாக நிற்பதில்லை.

இனி, நம்மிடையே உள்ள உண்மை நிலையைக் கூசாது கூறுவோம். விசைத்தறியிலும் பூச்சந்தையிலும் நாட்கூலிக்கு உழைக்கும் நம் குடும்பங்கள் பல. ஊராருக்குத் துணி நெய்யும் கை, தன் பிள்ளைக்குப் புத்தாடை வாங்க வட்டிக்காரர் வாயிலிற் சென்று நிற்கின்றது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழக அரசு சட்டம் இயற்றியும் அக்கொடுமை முற்றும் ஒழிந்திலது. டிசம்பரில் வாங்கிய கடன் ஆடித்தபசு வந்தும் தீராத வீடுகளை யாம் அறிவோம். இதனினும் கொடிது ஒன்றுண்டு. புத்தாடை இல்லாமையால், ஊரார் பார்ப்பரே என்று நாணி, திருநாள் ஆராதனைக்கே வாராது கதவடைத்து இருந்துவிடும் குடும்பங்களும் உள. எளியவராய்க் கந்தைத் துணியிற் கிடந்த குழந்தையின் பிறந்த நாளில், எளியவர் ஆலயம் புக நாணுகின்றனர் என்றால், அத்திருநாளை நாம் யாருக்காகக் கொண்டாடுகின்றோம்? அவர்களைத் தடுத்தது வறுமையன்று, நம் ஆடம்பரமே.

"ஆண்டிற்கு ஒரு நாள் பிள்ளைகள் மகிழ வேண்டாமா?" என்று வினவுவீர்கள். மகிழவேண்டும் என்பதே எம் விடையும். ஆனால் பிள்ளைகள் தந்தையின் கடனில் மகிழ்வதில்லை. தாயின் களைப்பிலும் மகிழ்வதில்லை. தாயும் தந்தையும் உடன் அமர்ந்து பாடிய பாட்டும், கூறிய கதையுமே அவர்கள் நெஞ்சில் நிற்கும். வாசலில் மின்விண்மீன் தொங்கவிடுங்கள், குற்றமில்லை. ஞானியர் கண்ட விண்மீன் குழந்தை இருந்த இடத்திற்கு மேலே நின்றது. நம் வாசல் விண்மீனும் உள்ளே தொழப்படும் ஒருவர் உளர் என்பதைக் காட்டுவதாகுக.

ஆதலின் இச்சங்கத்தார்க்கும் இல்லத்தார்க்கும் ஐந்து விண்ணப்பங்கள் செய்கின்றோம்.

முதலாவது, 24ஆம் நாள் இரவு விருந்து வேண்டாம். நள்ளிரவுத் திருப்பலிக்கும் வைகறை ஆராதனைக்கும் செல்லவேண்டியோர் அவ்விரவு பந்தியில் அமர்தல் தகாது. பிறப்புத் திருநாளுக்கும் ஜனவரி 6ஆம் நாளுக்கும் இடையே ஒரு நண்பகலில் அசன முறையில் அதனை நடத்துவோம். நம் குலத்தார் மட்டுமின்றி, நம் தெருவில் வாழும் பிற சமூகத்தாரும் அப்பந்தியில் அமர்வாராக. இடையரை முதலில் அழைத்த திருநாளுக்குக் குல எல்லை பொருந்தாது.

இரண்டாவது, சங்கத்துப் பெரியோரும் வசதியுடையோரும் ஆராதனைக்குப் பழைய ஆடையைத் துவைத்து உடுத்து வாருங்கள். புத்தாடையை மாலையில் அணிந்துகொள்ளுங்கள். பெரியோர் நால்வர் இங்ஙனம் வருவாராயின் ஏழைக் குடும்பம் நாணாது உள்ளே வரும். சங்கம் ஈயும் ஆடைகளை மேடையில் நிறுத்திப் படமெடுத்து ஈயாது, இருளில் வீடு சென்று ஈதல் வேண்டும்.

மூன்றாவது, பலகாரம் இரண்டு வகை போதும். அதுவும் 23ஆம் நாளுக்குள் முடிவதாகுக. ஆடவரும் மாவு பிசையலாம். அதனால் மரியாதை குறையாது.

நான்காவது, கீதபவனி செல்லும் இளைஞர்கள் நோயுற்றோர், முதியோர், துக்கம் நிகழ்ந்தோர் இல்லங்களுக்கு முதலிற் செல்வாராக. ஒரு வேதபாகம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம் என்பன முடியாமல் வாசலைக் கடவாதிருப்பாராக. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கூறுகின்றன. விதி கூறாவிடினும் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் காத்தல் அன்பின் கடமையே.

ஐந்தாவது, நான்கு வாரமும் நாள்தோறும் மாலையில் கால்மணி நேரம் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்தி, குடும்பமாய் அமர்ந்து லூக்கா சுவிசேஷத்தைச் சிறிது சிறிதாய் வாசியுங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வையுங்கள். நம் பாட்டிமார் பிடியரிசி காத்த கலயம் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும். அவ்வரிசியே நம் அசனத்திற்கு உலையேறுவதாகுக.

இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே வேண்டும். இன்று தீர்மானம் எழுதும்போது செலவுக் கணக்கை மட்டும் எழுதாது, எந்தெந்த வீட்டார் சென்ற ஆண்டு ஆராதனைக்கு வரவில்லை என்பதையும் எண்ணி எழுதுமாறு அவைத்தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். அவ்வீடுகளின் கதவுகள் திறந்து, அவர்களும் நம்மோடு வைகறையில் நடந்து வருவாராயின், இவ்வாண்டுத் திருநாள் குறைவற நிகழ்ந்தது என்று மகிழ்வோம்.