காயம் ஒன்று, முடிவு வேறு

புற்றுநோய் மருந்துகளுள் பிளாட்டினம் அடங்கிய ஒன்று உண்டு என்றால் சிலர் வியக்கக்கூடும். சிஸ்பிளாட்டின் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க் என்னும் அறிஞர், மின்சாரம் பாயும் கரைசலில் நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்தார். அவை இரண்டாகப் பிரியாமல் நூல் நூலாக நீண்டுகொண்டே போயின. மின்சாரம் அதற்கு நேர்க்காரணம் அன்று. மின்முனைகளிலிருந்து கரைந்து வந்த பிளாட்டினமே காரணம். இதனை அவர் 1965இல் வெளியிட்டார். கட்டுக்கடங்காமல் பிரியும் புற்று உயிரணுக்களையும் இது தடுக்குமன்றோ? 1978இல் அமெரிக்காவில் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது.

இம்மருந்து உயிரணுவினுள் புகுந்து, டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள இரு குவானின் மூலங்களைப் பிணைத்துவிடுகிறது. அவ்விடத்தில் இழை வளைகிறது. படியெடுக்க வரும் நொதி அங்கே முட்டி நிற்கிறது. "மருந்து உயிரணுவைக் கொல்கிறது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எனக்கு அச்சொல் பொருத்தமாகத் தோன்றவில்லை. மருந்து காயப்படுத்துகிறது, அவ்வளவே. மடிவதா, பிழைப்பதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வன உயிரணுவின் புரதங்கள்.

அவற்றுள் தலையாயது பி53. 1979இல் கண்டறியப்பட்டது. நலமான உயிரணுவில் தேடினால் இது மிகச் சிறிதளவே அகப்படும். உயிரணு இதனை ஓயாமல் ஆக்கிக்கொண்டும், ஓயாமல் அழித்துக்கொண்டும் இருக்கிறது. எம்டிஎம்2 என்னும் மற்றொரு புரதம் இதனைப் பற்றி, யூபிக்விட்டின் என்னும் சிறு புரதத்தை முத்திரைபோல் பதிக்கிறது. முத்திரை பெற்றது சிதைக்கப்படுகிறது. இது வீண் செலவு அன்றோ என்று மாணவர்கள் கேட்கலாம். அடியில் ஓட்டையுள்ள தொட்டியில் குழாய் ஓயாமல் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையை அடைத்தால் போதும், நீர் விரைவில் ஏறிவிடும். டி.என்.ஏ. காயமுற்றதும் சில நொதிகள் பி53மேல் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. எம்டிஎம்2இன் பிடி தளர்கிறது, பி53 பெருகுகிறது. அது உயிரணுப் பிரிவை நிறுத்திப் பழுதுபார்க்க அவகாசம் தரும். காயம் மிகுந்தால் உயிரணுவைத் தானே மடியச் செய்யும்.

மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் பி53இன் மரபணு கெட்டிருக்கிறது. வேறு சிலவற்றில், கொழுப்புத் திசுப் புற்றுகள் பலவற்றில் போல, பி53 பழுதின்றி இருந்தும், எம்டிஎம்2 அளவு மீறிப் பெருகி அதனை அடக்கிவைக்கிறது. காயம் பட்டும் அத்தகைய உயிரணு எளிதில் மடிவதில்லை.

விரைப் புற்றுநோய் இதற்கு மாறானது. அதில் பி53 கெடுவது அரிது. காயத்தைச் சீர்செய்யும் புரதங்கள் சிலவும் அங்கே குறைவு. 1974இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் சிஸ்பிளாட்டினை வேறு இரு மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். அதற்கு முன், உடலில் பரவிவிட்டால் பெரும்பாலோரைக் கொண்டுபோன அந்நோய், இன்று பரவிய நிலையிலும் பெரும்பாலோர்க்குக் குணமாகிறது.

அப்படியாயின் எம்டிஎம்2ஐத் தடுத்துவிட்டால் என்ன? அவ்வாறு தடுக்கும் நட்லின் என்னும் பொருள்கள் 2004இல் வெளிவந்தன. ஆனால் எம்டிஎம்2 இல்லாத சுண்டெலி கருவிலேயே மடிகிறது. பி53ஐயும் உடன் நீக்கினால் பிழைக்கிறது. 1995இல் கண்ட உண்மை இது. நல்ல உயிரணுவுக்கும் அந்தக் கடிவாளம் வேண்டியிருக்கிறது. இவ்வகை மருந்துகளைப் பெற்ற நோயாளிகள் பலருக்கு இரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. எவ்வளவு கொடுப்பது, எத்தனை நாள் இடைவெளி விடுவது என்பதையே ஆய்வாளர் மாற்றி மாற்றிச் சோதித்து வருகின்றனர்.