விளையாட்டு நமக்குக் கற்பிக்கும் பாடம்

(பங்கின் பொன்விழா ஆண்டில், மறைக்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஞாயிறு திருப்பலி முடிந்து மறைக்கல்வி வகுப்பில் அரைமணி நேரம் அமர முடியாமல் நெளிகிற அதே சிறுவன், கோவில் மைதானத்தில் உச்சி வெயிலிலும் மூன்று மணி நேரம் பந்தாடுகிறான். வீட்டில் கைபேசி கிடைத்துவிட்டால் சோறு தண்ணீரையே மறந்துவிடுகிறான். "பிள்ளைக்குக் கவனமே இல்லை, சாமி" என்று தாய்மார்கள் நம்மிடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. மூன்று மணி நேரம் ஒன்றிலேயே மனத்தை நிறுத்துகிறவனுக்குக் கவனம் இல்லை என்று எப்படிச் சொல்வது? அந்தக் கவனம் விளையாட்டிடம் ஓடிப்போய், பாடத்திடம் வர மறுப்பது ஏன் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்காலத்தில் விளையாட்டுக்களை அமைப்போர் மனித மனத்தின் இயல்பை நன்கு ஆராய்ந்தே அவற்றை அமைக்கின்றனர். அவர்கள் கண்ட உண்மைகளைக் கல்விக்குப் பயன்படுத்தும் முயற்சி இன்று பல நாடுகளில் நடக்கிறது. இம்முயற்சி திருச்சபைக்குப் புதிதன்று. சேசு சபையார் 1599ஆம் ஆண்டில் தங்கள் கல்லூரிகளுக்கென ஒரு கல்வித் திட்டத்தை வெளியிட்டனர். அதன் வழியே நடந்த பள்ளிகளில் வகுப்பை ரோமையர், கார்த்தேஜியர் என இரு அணிகளாகப் பிரிப்பது வழக்கம். ஒவ்வொரு மாணவனுக்கும் எதிரணியில் ஓர் எதிராளி உண்டு; இவன் பிழை விட்டால் அவன் எழுந்து திருத்துவான். இலத்தீன் இலக்கணம் என்னும் வறண்ட நிலத்திலும் அவ்வாறு ஆர்வம் முளைத்தது.

புனித தொன் போஸ்கோவின் வாழ்க்கை இன்னும் சிறந்த சான்று. 1815ஆம் ஆண்டு இத்தாலியின் பெக்கி என்னும் சிற்றூரில் பிறந்து, இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்த ஏழைச் சிறுவர் அவர். சந்தைகளில் வித்தைக்காரர்களைக் கூர்ந்து கவனித்து, கயிற்றின் மேல் நடக்கவும் வித்தைகள் காட்டவும் கற்றுக்கொண்டார். ஞாயிறுகளில் ஊர் மக்களைக் கூட்டி வித்தை காட்டுவார். கட்டணம் காசன்று, எல்லாரும் செபமாலை சொல்ல வேண்டும், காலையில் கோவிலில் கேட்ட பிரசங்கத்தை அவர் திரும்பச் சொல்லக் கேட்க வேண்டும்.

குருவான பின் தூரின் நகரில், வேலை தேடி வந்த ஏழைச் சிறுவர்களை 1841ஆம் ஆண்டு முதல் ஒன்று சேர்த்தார். 1850ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நாட்டில் மெட்ரிக் அளவுமுறை நடைமுறைக்கு வரவிருந்தது. பாமர மக்கள் திகைத்தனர். தொன் போஸ்கோ அதை விளக்க எளிய நூல் ஒன்று எழுதியதோடு நில்லாமல், பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் உள்ள கணக்கை உரையாடல்களாக்கித் தம் சிறுவர்களையே மேடையேற்றினார். மக்கள் சிரித்துக்கொண்டே கணக்குக் கற்றனர். 1957ஆம் ஆண்டு நம் நாட்டில் நயா பைசா வந்தபோது அணாவைப் பைசாவாக்க நம் முன்னோர் பட்ட பாட்டைக் கேட்டறிந்தவர்களுக்கு, இது எத்துணைப் பெரிய உதவி என்பது விளங்கும்.

அன்பர்களே, விளையாட்டில் மனத்தைப் பிடித்து நிறுத்துவது எது? மிகாய் சிக்சென்ட்மிகாய் என்னும் உளவியல் அறிஞர் சதுரங்கம் ஆடுவோர், மலையேறுவோர், நடனமாடுவோர் முதலியோரை ஆராய்ந்து, 1975ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வேலை நம் திறமைக்கு மிக எளிதானால் சலிப்பு வருகிறது. மிகக் கடினமானால் அச்சம் வருகிறது. திறமைக்குச் சற்றே சவாலாக இருக்கும்போது மனிதன் நேரம் போவதை மறந்து அதில் ஒன்றிவிடுகிறான் என்பது அவர் கண்ட உண்மை.

இன்னொன்றும் உண்டு. ஆடுபுலி ஆட்டத்தில் தோற்ற சிறுவன் "இன்னொரு ஆட்டம்" என்கிறான். தேர்வில் தோற்ற சிறுவனோ வீட்டுக்கு வர அஞ்சுகிறான். விளையாட்டில் தோல்வி அடுத்த முயற்சிக்கு வாசல். நம் வகுப்புகளிலோ அது பல வேளைகளில் அவமானமாகிவிடுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் மீண்டும் மீண்டும் எழுந்து நடக்க வாய்ப்பளிக்கிற இறைவனைப் பற்றிச் சொல்லித்தரும் வகுப்பிலேயே, ஒரு முறை தவறிய குழந்தைக்கு மறுமுறை இல்லையென்றால் அக்குழந்தை எந்த இறைவனைக் கற்கும்?

"அப்படியானால் பரிசுகளை அதிகமாக்குவோம்" என்று சிலர் எண்ணலாம். இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூன்று அறிஞர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் விருப்பமுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கினர். முதற்பிரிவினரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்னரே கூறிக் கொடுத்தனர். இரண்டாம் பிரிவினருக்குச் சொல்லாமலே வரைந்தபின் கொடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். விருப்பம் கூலியாக மாறியது. கூலி நின்றதும் விருப்பமும் குறைந்தது.

மனத்தைப் பிடிக்கும் கலையில் இருண்ட பக்கமும் உண்டு. ஸ்கின்னர் என்னும் அறிஞர் புறாக்களை வைத்து ஆராய்ந்து, எந்தக் கொத்தலுக்கு இரை விழும் என்று தெரியாதபோதுதான் புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று காட்டினார். சூதாட்ட இயந்திரங்கள் மனிதரைக் கட்டிப்போடுவது இதே முறையில்தான். கைபேசி விளையாட்டுக்கள் பலவற்றிலும் இது புகுந்திருக்கிறது. புறாவைப் போல் கொத்த வைப்பது கல்வியாகாது. குழந்தையை அடிமையாக்கும் ஈர்ப்பு வேறு. அவனை வளர்க்கும் ஈர்ப்பு வேறு. விளையாட்டு முடிந்தபின் குழந்தைக்குக் கூடுதலாக என்ன தெரிகிறது, என்ன முடிகிறது என்று பார்த்தால் வேறுபாடு புலப்படும்.

ஆகவே மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. வருகைக்கு நட்சத்திரம் ஒட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். புனித சின்னப்பரின் முதல் பயணத்தைத் தரையில் சுண்ணாம்பினால் வரையுங்கள். அந்தியோக்கியா, சைப்பிரஸ், இக்கோனியா, லிஸ்திரா, தெர்பை என ஒவ்வோர் ஊரிலும் ஒரு கேள்வி வையுங்கள். முதல் கேள்வி எல்லாராலும் சொல்லக்கூடியதாக இருக்கட்டும், போகப்போகக் கடினமாகட்டும். விடை தெரியாதவனை வெளியே நிறுத்தாதீர்கள். விவிலியத்தைத் திறந்து தேடிப் பார்த்து மீண்டும் சொல்லட்டும். லிஸ்திராவில் கல்லெறியுண்டு செத்தவரென விடப்பட்ட சின்னப்பர் எழுந்து அதே ஊருக்குள் திரும்பச் சென்றார் என்பதை, தானும் ஒருமுறை தவறி எழுந்த சிறுவன் மறக்கவே மாட்டான். அணி பிரித்தால் வாரந்தோறும் மாற்றிப் பிரியுங்கள். ஒரே பிள்ளைகள் எப்போதும் தோற்பவர்களாக ஆகிவிடலாகாது. பரிசு கொடுப்பதானால், ஆசை காட்டிக் கொடுக்காமல், உழைப்பைக் கண்டு மகிழ்ந்து கொடுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் நாம் கேட்பது நேரம். தொன் போஸ்கோ 1884ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் உரோமையிலிருந்து தம் சபையினருக்கு ஒரு கடிதம் விடுத்தார். முற்காலத்தில் குருக்கள் சிறுவர்களோடு ஓடியாடினர், இப்போது ஒதுங்கி நிற்கின்றனர், ஆகவே பிள்ளைகளின் உள்ளம் மூடிக்கொண்டது என்று வருந்தினார். இளைஞர்களை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணர வேண்டும் என்பது அக்கடிதத்தின் கருத்து. கைபேசியைப் பிடுங்குவது எளிது. பிடுங்கிய கையால் பல்லாங்குழியை எடுத்து வைத்து, எதிரே உட்கார்ந்து ஆடுவதே கடினம். ஆயினும் கைபேசி தர முடியாத ஒன்று, எதிரே அமர்ந்திருக்கும் தாயின், தந்தையின் முகம்.

மீட்கப்பட்ட எருசலேமின் வீதிகளில் சிறுவர் சிறுமியர் விளையாடி நிறைந்திருப்பார்கள் என்று இறைவாக்கினர் செக்கரியா முன்னறிவித்தார். விளையாடும் குழந்தைகளின் ஆரவாரத்தை இறைவன் தம் ஆசீரின் அடையாளமாக வைத்தார். நம் ஆலய வளாகத்திலும் அந்த ஆரவாரம் ஓயாதிருப்பதாக. அந்த ஆரவாரத்தின் நடுவே நம் பிள்ளைகள் ஆண்டவரை அறிந்து வளர, நம் அன்னை மரியாள் பரிந்து பேசுவாராக.