கைப்பேசியின் கண்

(ஒலவக்கோடு இரயில்வே குடியிருப்பில், சங்கத்தின் ஆண்டு விழாவின்போது ஆற்றிய உரை)

 

கைப்பேசியால் படம் எடுக்கும் கலை குறித்து இவ்விழாவில் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிகின்றோம். ஒளிநூல் வல்லோம் அல்லோம். பள்ளியிற் பயின்ற பௌதிகமும், ஓய்வு வேளைகளில் படித்தறிந்தவையுமே எம் கைப்பொருள். அதனை அவைமுன் வைக்கின்றோம்.

இன்று நம் குடியிருப்பில் கைப்பேசி இல்லாத வீடு இல்லை. வாங்குவதற்குக் கடைக்குச் சென்றால், விற்பவர் முதற்கண் கூறுவன இரண்டு எண்கள். ஒன்று மெகாபிக்சல்; மற்றொன்று ஜூம். எண் பெரிதானால் விலையும் பெரிதாகின்றது. இவ்வெண்களின் பொருள் யாது? இவற்றுள் மெய்யானது எது, பெயரளவில் நிற்பது எது? இதனை அறிந்துகொண்டால் பணம் மிஞ்சும். மூத்தோர் விட்டுச்சென்ற தாள்களும் படங்களும் மிஞ்சும். சில வேளைகளில் உயிரும் மிஞ்சும்.

முதலில் ஒளியைப் பற்றிக் காண்போம். ஓட்டுக் கூரையில் சிறு துளை இருப்பின், நண்பகலில் தரையிலே வட்டமாக வெயில் விழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். துளை முக்கோணமாக இருந்தாலும் விழுவது வட்டமே. ஏனெனில் அது துளையின் வடிவமன்று, கதிரவனின் உருவம். 2019 டிசம்பர் 26-ஆம் நாள் கங்கண சூரிய கிரகணம் நிகழ்ந்தபோது, கோயம்புத்தூர்ப் பகுதியில் கதிரவன் வளையமாகத் தோன்றினான். அவ்வேளையில் மர நிழலில் இலைகளின் இடுக்கு வழியே விழுந்த வெயிற்பொட்டுகளும் வளையங்களாயின. படம் எடுக்கும் கருவியின் அடிப்படை இவ்வளவே. துளை சிறிதானால் உருவம் தெளிவாகும். ஆனால் ஒளி குறையும். துளையைப் பெரிதாக்கி, மிகுந்த ஒளியை உள்ளே விட்டு, அதனைச் சிதறாமல் குவிப்பதற்காக வைத்ததே லென்ஸ் என்னும் வில்லை. அங்ஙனம் குவிந்த ஒளியைப் புள்ளி புள்ளியாக வாங்கிக் கணக்கெழுதுவது, உள்ளே இருக்கும் ஒளியுணரி.

ஒளி கொண்டுவராத செய்தியை, அதன்பின் வரும் எவ்விதப் பொறியும் மெய்யாக உண்டாக்க இயலாது. யாம் கூறப்போகும் அனைத்தும் இவ்வொரு கருத்தின் விரிவேயாகும்.

கைப்பேசியின் முதுகில் பெரும்பாலும் இரண்டு மூன்று கண்கள் இருக்கின்றன. திரையிலே 1 என்று காட்டுவது முதன்மைக் கண். இதற்குத்தான் பெரிய ஒளியுணரியும் அகன்ற வாயும் அமைத்திருப்பர். 0.5 அல்லது 0.6 என்று காட்டுவது அகலக் கண். குறுகிய இடத்தில் நின்று பரந்த காட்சியை அடக்க உதவும். 3 அல்லது 5 என்று காட்டுவது, இருப்பின், தொலைக் கண். விலை குறைந்த சில கைப்பேசிகளில் 2 மெகாபிக்சல் கண் ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்த்திருப்பர். கண்களின் தொகை கண்டு மயங்குதல் வேண்டா.

தொலைக் கண்ணுக்கு, வில்லைக்கும் ஒளியுணரிக்கும் இடையே நீண்ட தொலைவு தேவை. கைப்பேசியின் கனமோ ஒரு சென்டிமீட்டரினும் குறைவு. ஆகவே 5 மடங்கு போன்ற பெரிய ஜூம் உள்ள கைப்பேசிகளிலே, ஒளியை ஒரு முப்பட்டகத்தால் செங்கோணமாகத் திருப்பி, கைப்பேசியின் உடலுக்குள்ளே கிடைவாட்டில் ஓடச் செய்கின்றனர். நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பு இம்முறையில் அமைந்ததே. அப்பெயராலேயே இவ்வில்லையையும் அழைக்கின்றனர்.

தொலைக் கண் இல்லாத கைப்பேசியும் '10 மடங்கு ஜூம்' என்று திரையிலே காட்டுகின்றதே, அஃது எங்ஙனம் என்று வினவலாம். ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் திரியும் கொம்பன் ஒன்றுக்கு, 1999-இல் வெளிவந்த திரைப்படத்தின் பெயரால் 'படையப்பா' என்று மக்கள் பெயரிட்டது யாவரும் அறிந்ததே. 3 மீட்டர் உயரமுள்ள யானையொன்று நமக்கு 50 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். முதன்மைக் கண்ணால் 12 மெகாபிக்சல் படம் எடுத்தால், அத்தொலைவில் ஏறத்தாழ 66 மீட்டர் அகலமுள்ள நிலம் படத்தில் அடங்கும். படத்தின் அகலம் 4000 புள்ளி. ஆகவே மீட்டருக்கு 60 புள்ளி. யானையின் உயரத்திற்கு 180 புள்ளி. இப்பொழுது விரல்களால் திரையை விரித்து 5 மடங்கு ஜூம் செய்கின்றோம். தொலைக் கண் இல்லாத கைப்பேசியில் அந்த 180 புள்ளியே இழுக்கப்பட்டுப் பெரிதாகத் தோன்றும். சிறு துணியை இழுத்துப் பெரிய கட்டிலுக்கு விரித்தது போன்றதே இது. 5 மடங்குத் தொலைக் கண் உள்ள கைப்பேசியிலோ, அதே யானைக்கு 900 புள்ளிகள் கிடைக்கும். முன்னது வெட்டிப் பெருக்குதல். பின்னது வில்லையால் மெய்யாகவே அருகில் கொணர்தல். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய வினா, 'ஜூம் எத்தனை மடங்கு?' என்பதன்று, 'வில்லையால் ஆகும் ஜூம் எத்தனை மடங்கு?' என்பதே. 48 அல்லது 50 மெகாபிக்சல் ஒளியுணரி உள்ள நல்ல கைப்பேசிகளில், அதன் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதால் 2 மடங்கு வரை தெளிவு பெரிதும் கெடாது என்பதையும் இங்குக் கூறிவைக்கின்றோம்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முதன்மைக் கண்ணும் அகலக் கண்ணும் தொலைவிலுள்ள பொருளைச் சிறிதாகவே காட்டும். ஆதலின் திரையை மட்டும் நோக்கி நிற்பவர்க்கு, யானை உள்ளதினும் எட்டத்தில் நிற்பதாகத் தோன்றும். ஜூம் போதாமையைக் காலடிகளால் ஈடுசெய்ய அவர் முன்னே நடப்பார். விரைந்துவரும் ஆசிய யானை விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் கடக்கும் என்று 2003-இல் வெளியான ஆய்வொன்று அளந்து கூறுகின்றது. 50 மீட்டருக்கு 7 விநாடி. கைப்பேசியைச் சட்டைப்பையில் இடுவதற்கே அதிற் பாதி செல்லும். 180 புள்ளி யானையோடு மனம் நிறைந்து திரும்புபவரே அறிவுடையவர்.

தண்டவாளத்திற்கும் இதுவே பொருந்தும். வரும் வண்டி திரையில் சிறு பொட்டாகத் தெரியும். அது மெய்யான தொலைவன்று. இருப்புப்பாதையில் அத்துமீறி நிற்பது 1989-ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி குற்றம் என்பதை இக்குடியிருப்பில் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் விடுமுறைக்கு வரும் உறவினர் பிள்ளைகளுக்கு நாம்தான் எடுத்துரைக்க வேண்டும்.

தொலைவில் நின்றே காணும் நற்பணிக்கும் நம் பாதையிலேயே சான்று உண்டு. 2021 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, வாளையாற்றுக்கு அப்பால் நவக்கரை அருகே மூன்று யானைகள் வண்டியில் அடிபட்டு மாண்டன. அதன்பின் 2024 பிப்ரவரியில், தமிழ்நாடு வனத்துறை மதுக்கரைக் காட்டுப்பகுதியில் 12 கோபுரங்களை நிறுவி, உடலின் வெப்பத்தைக் கொண்டே இருளிலும் யானையைக் கண்டுகொள்ளும் கேமராக்களை அவற்றில் அமைத்தது. யானை பாதையை நெருங்கினால் வனத்துறைக்கும் இரயில்வேக்கும் எச்சரிக்கை வரும்; வண்டி மெதுவாகும்.

இனி மெகாபிக்சலுக்கு வருவோம். பத்து இலட்சம் புள்ளி ஒரு மெகாபிக்சல். எண் பெருகினால் படமும் சிறக்கும் என்பது பொதுமக்கள் எண்ணம். முன்பதிவில்லாப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நால்வர் அமரும் பலகையில் எண்மரை அமர்த்தினால், பயணிகளின் எண்ணிக்கை கூடும், பலகை நீளாது. ஒவ்வொருவர்க்கும் கிடைக்கும் இடமே சுருங்கும். ஒளியுணரியும் அத்தகையதே. விரல் நகத்தளவு பரப்பில் 200 மெகாபிக்சலைத் திணித்தால், ஒவ்வொரு புள்ளியும் வாங்கும் ஒளி மிகக் குறையும். ஆகவேதான் 50 மெகாபிக்சல் கைப்பேசி இயல்பான நிலையில் நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12 அல்லது 12.5 மெகாபிக்சல் படமே தருகின்றது. 200 மெகாபிக்சல் கைப்பேசி பதினாறு புள்ளிகளை ஒன்றாக்குகின்றது. நல்ல பகலொளியில், அசையாத பொருளை எடுக்கும்போது முழு எண்ணையும் பயன்படுத்தலாம். மாலையிலும் வீட்டினுள்ளும் இயல்பான நிலையே சிறந்தது.

நமக்கு எத்தனை புள்ளி தேவை? அச்சகத்தார் அங்குலத்திற்கு 300 புள்ளி கேட்பர். 6 அங்குலத்திற்கு 4 அங்குலம் அளவுள்ள படத்திற்கு 1800-க்கு 1200 புள்ளி, அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல், போதும். ஏ-4 தாள் முழுவதும் அச்சிட 9 மெகாபிக்சல் போதும். சுவரளவு படம் வேண்டாதவர்க்கு 12 மெகாபிக்சல் தாராளம்.

இவ்வறிவு எங்கே மிகவும் பயன்படும்? நம்மில் பலரும் தஞ்சையிலும் நெல்லையிலும் மதுரையிலும் பிறந்த குடும்பத்தினர். சிலர் மூணாறு, தேவிகுளம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோரின் வழித்தோன்றல்கள். பழைய பட்டா, பள்ளிச் சான்றிதழ், பாட்டனாரின் பணிக் குறிப்பு, பெற்றோரின் திருமணப் படம் ஆகியவை இரும்புப் பெட்டிக்குள் மங்கிக்கொண்டிருக்கின்றன. 2020 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இரவு, இராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் வீடுகளை மூடியது. எழுபது பேரை மண் கொண்டது. அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். வீடே புதைந்தவிடத்தில் தாள்களையும் படங்களையும் எங்கே தேடுவது? தாளின் நிழற்படம் மூலத் தாளுக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆயினும் அதிலுள்ள எண்ணும் நாளும் தெரிந்தாலன்றோ மறுபடி கேட்டு விண்ணப்பிக்க இயலும்?

அத்தாள்களை எடுக்கும் முறையைக் கூறுகின்றோம். முதலில் வில்லையை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தல் வேண்டும். விரற் கறையே பாதிப் படங்களைக் கெடுக்கின்றது. தாளைச் சன்னலருகே, நேர் வெயில் படாத இடத்தில் மேசைமேல் பரப்புக. பிளாஷ் விளக்கு வேண்டா. அது பளபளப்பான தாளில் வெண்திட்டாக விழும். முதன்மைக் கண்ணையே கொள்க. விரலால் ஜூம் செய்யற்க. கைப்பேசியைத் தாளுக்கு நேர் மேலே இணையாகப் பிடித்து, தாள் திரையை நிறைக்குமளவு அருகிற் செல்க. எடுத்தபின் படத்தைப் பெரிதாக்கி, மிகச் சிறிய எழுத்தும் எண்ணும் படிக்க வருகின்றனவா என்று அங்கேயே சரிபார்க்க. உறவினர்க்கு வாட்ஸ்அப் வழியே அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுப் புள்ளிகள் குறையும். ஆவணமாக, அதாவது 'டாக்குமெண்ட்' என்னும் வழியில், அனுப்பினால் குறையாது. ஒரு படி உங்களிடமும், ஒரு படி வேற்றூரில் உள்ள மகனிடமோ மகளிடமோ இருத்தல் நலம்.

தெளிவில்லாத எழுத்தைக் கருவி ஊகித்து நிரப்புமானால் என்னாகும்? 2013-இல் ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், சில நகலெடுக்கும் இயந்திரங்கள் 6 என்னும் எண்ணை 8 என்று மாற்றிப் பதிவதைக் கண்டறிந்து வெளியிட்டார். படம் கலங்கவில்லை, எண் தெளிவாகவே இருந்தது. ஆனால் தவறாக இருந்தது. இன்றைய கைப்பேசிகள் சிலவும் மிகுந்த ஜூமில் இல்லாத நுணுக்கத்தை ஊகத்தால் தீட்டுகின்றன. மலைக்காட்சியில் அதனால் கேடில்லை. பட்டா எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் நிலமே மாறிவிடும். ஆகவே தாளுக்கு அருகிற் செல்லுங்கள். யானைக்கு அகன்று நில்லுங்கள்.

இறுதியாக, இவ்விழா முடிவில் எடுக்கப்போகும் குழுப்படம் பற்றி ஒரு வேண்டுகோள். அகலக் கண் ஓரத்தில் நிற்பவரைப் பக்கவாட்டில் இழுத்துப் பருக்கச் செய்யும். படம் எடுக்கும் தம்பி பத்தடி பின்னே சென்று முதன்மைக் கண்ணால் எடுப்பாராக. ஓரத்தில் நிற்கும் அன்னையர் அவரை வாழ்த்துவர். முதியோரைத் தனியே எடுக்கும்போதும் முகத்தருகே செல்லாமல், சற்று விலகி நின்று 2 அல்லது 3 மடங்கில் எடுங்கள். மூக்குப் பெரிதாகாமல் முகம் முகமாக வரும். அவர்தம் பெயரையும் ஊரையும் நாளையும் அன்றே எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது சொல்ல ஆள் இருக்க வேண்டும் அல்லவா?