மாற்றுச் சிறுநீரகம் பெற்றாரும் மனையோர் கடமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

 

யாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம், சிறுநீரகம் மாற்றப்பெற்றவர்க்குரிய ஆகாரமும் பத்தியமும் ஆகும். இது வைத்தியர்க்கன்றோ உரியது, சங்க மேடையில் எதற்கு என்று சிலர் வினவலாம். சத்திர சிகிச்சை வைத்தியர் கையில் சில மணி நேரத்தில் முடிகின்றது. அதன் பின்னுள்ள ஆண்டுகளோ நம் அடுக்களையிலும் பந்தியிலும் கழிகின்றன. ஆதலின் இது நம்முடைய விஷயமே.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் மரே என்னும் சத்திர வைத்தியரும் அவர்தம் குழுவினரும், ஒருவரது சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரர்க்குப் பொருத்தி வெற்றி கண்டனர். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் இச்சிகிச்சை நிறைவேறிற்று. பாஸ்டன் சகோதரர் ஒரே கருவினின்றும் பிரிந்த இரட்டையர். ஆதலின் உடல் அவ்வுறுப்பைத் தன்னதென்றே ஏற்றது. ஏனையோர்க்கு அங்ஙனமன்று. தேகத்தின் எதிர்ப்புச் சக்தி வாயிற்காவலனை ஒக்கும். புதிதாய் வந்த விருந்தினனையும் கள்வனென்று எண்ணித் தாக்கும். அக்காவலனை அடக்கவே டாக்ரோலிமஸ் முதலிய மாத்திரைகள் அளிக்கப்படுகின்றன. அவ்வுறுப்பு உழைக்கும் நாள்வரையும் அவற்றை வேளை தவறாது உட்கொள்ளல் வேண்டும். விரதமென்றோ பிரயாணமென்றோ ஒரு வேளையும் விடலாகாது.

காவல் தளர்ந்த வீட்டில் கிருமிகள் எளிதிற் புகும். முதற்சில மாதங்களில் இவ்வபாயம் மிகுதி. ஆகவே காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, கடைத்தெருவில் நறுக்கி வைத்த பழம், ஐஸ் இட்ட கரும்புச்சாறு, நெடுநேரம் வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னி ஆகியவற்றை விலக்குக. கொதித்தாறிய நீரும், அவ்வப்போது சமைத்த சூடான உணவுமே நன்று. பம்பளிமாஸ் பழம் சிலரிடத்து மருந்தின் அளவை இரத்தத்தில் மிகுவிக்கும். அதனையும் தவிர்த்தல் வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரை பசியைத் தூண்டும். அப்பசியைக் கண்டு, "உடம்பு தேறிவிட்டது" என மகிழ்ந்து, நெய்யும் இனிப்பும் இலையிற் சொரிகின்றோம். இம்மருந்துகளாலேயே நீரிழிவும் இரத்த அழுத்தமும் புதிதாய்த் தோன்றுதல் உண்டு என்பதை அறியோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு இவற்றின் உப்பைக் குறைத்தல் நலம். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தார் எல்லோர்க்கும் கூறும் அளவு. டயாலிஸிஸ் காலத்தில் தண்ணீரை அளந்து கொடுத்துப் பழகிய மனையோர், இப்பொழுது வைத்தியர் கூறும் அளவுக்குத் தாராளமாய்க் குடிக்கச் செய்தல் வேண்டும்.

இன்னொன்று. அன்பினால் லேகியமும் பஸ்பமும் வாங்கிவந்து, "எதிர்ப்புச் சக்தி பெருகும்" என்று கொடுப்பார் பலர். எச்சக்தியை அடக்க வைத்தியர் முயல்கின்றாரோ, அதனையே பெருக்க முயல்வது எங்ஙனம் நன்மையாகும்? வைத்தியரைக் கேளாது எம்மருந்தும் கொடுத்தல் தகாது.

உறுப்பை ஈந்தவரையும் மறவாதிருப்போமாக. நம் நாட்டில் உயிரோடிருந்து உறுப்பளிப்போருட் பெரும்பாலார் தாய்மாரும் மனைவிமாருமே. மருத்துவமனையினின்று மீண்ட அம்மாதரசி மறுவாரமே தண்ணீர்க்குடம் சுமந்து அடுப்படியில் நிற்றல் நமக்கு அழகன்று. அவர்க்கும் சில வாரம் ஓய்வு வேண்டும். ஆண்டுதோறும் பரிசோதனையும் வேண்டும்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் மூன்று. நோயாளியைக் காணக் கூட்டமாய்ச் செல்லாதீர். ஜலதோஷம் உள்ளவர் செல்லவே வேண்டா. பலகாரப் பெட்டிக்கு ஈடான தொகையை மாத்திரைச் செலவுக்கு உதவுங்கள். விசேஷப் பந்தியில் அவர் "போதும்" என்றால், "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்தாதீர்.

விருந்தோம்பல் நம் முன்னோர் நமக்கு வைத்த செல்வம். ஊட்டுவது மட்டும் உபசாரமன்று. வேண்டாததை விலக்கிக் காப்பதும் உபசாரமே. ஒருவர் தம் உடம்பினின்று ஈந்த உறுப்பு நம் அன்பின் மிகுதியால் அழிந்ததென்னும் பழி நம் குடும்பம் எதற்கும் வாராதிருப்பதாக.