டெல்லியின் காடும் உழைப்பவரின் நிழலும்



ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி, டெல்லி மாநகருக்குள் ரிட்ஜ் காடாக நிற்கிறது. புழுதிக்காற்றைத் தடுப்பதும், மழைநீரை நிலத்தடிக்கு அனுப்புவதும், வெப்பத்தைத் தணிப்பதும் அதுவே. 1994இல் 7,784 ஹெக்டேர் பரப்பைக் காப்புக்காடாக்க முதல்நிலை அறிவிக்கை வெளியானது. எல்லைகளை இறுதி செய்யும் பணியோ கால் நூற்றாண்டைக் கடந்தும் இழுபட்டது. எல்லை வரையறுக்கப்படாத காடு, ஆக்கிரமிப்புக்குத் திறந்த வாசலாயிற்று.

2024 பிப்ரவரியில், சாலை விரிவாக்கத்திற்காக, உச்சநீதிமன்றத்தின் முன் அனுமதியின்றி ரிட்ஜ் பகுதியில் ஏறத்தாழ 1,100 மரங்கள் வெட்டப்பட்டன. இது நீதிமன்ற அவமதிப்பே என 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. 185 ஏக்கரில் மரம் வளர்க்கவும் ஆணையிடப்பட்டது. அச்சாலை ஒரு மருத்துவமனைக்கானது. மருத்துவமனை வேண்டும் என்பதில் இரு கருத்தில்லை. ஆனால் மக்கள் நலனைச் சொல்லிச் சட்டத்தை மீறுவோர், நாளை தனியார் லாபத்திற்கும் அதே வழியைத் திறந்துவிடுவர்.

கன்று நடுவது மட்டும் காடு வளர்ப்பது ஆகாது. ஆங்கிலேயர் ரிட்ஜில் நட்ட சீமைக்கருவேலம், மண்ணுக்குரிய மரங்களை ஒடுக்கிப் பரவியதை டெல்லி கண்டது. அதை ஒரேயடியாக வெட்டினால் மண் வெறுமையாகும். கிளைகளைக் கழித்து வெளிச்சம் விட்டு, அதன் அடியிலேயே புரசு போன்ற மரங்களை வளர்த்தெடுக்க வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் பொறுமையும் உழைப்பும் கோரும் பணி.

அவ்வுழைப்பு யாருடையது? 45 டிகிரி வெயிலில் நீர் சுமந்து ஊற்றும் தொழிலாளியுடையது. அப்பணி ஒப்பந்தத்திற்கு விடப்படும்போது, ஒப்பந்தம் முடிந்த நாளில் கன்றும் அநாதையாகிறது, தொழிலாளியும் வேலையிழக்கிறார். மரம் குறைந்தால் முதலில் வாடுவோரும் உழைப்பாளரே. குளிரூட்டிய அறையில் இருப்போரைவிட, நடைபாதை வணிகருக்கும் கட்டுமானத் தொழிலாளருக்கும் நிழல் உயிர்த்தேவை.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. காட்டின் எல்லைகள் முழுமையாக இறுதி செய்யப்பட வேண்டும். நட்ட கன்றுகளின் கணக்கோடு, மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிரோடிருப்பவற்றின் கணக்கும் பொதுவில் வைக்கப்பட வேண்டும். பராமரிப்பு நிரந்தரப் பணியாக்கப்பட வேண்டும். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2010இல் தொடங்கிய அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைப் போல, நகர்ப்புற ஏழைகளுக்கு வேலை உறுதி வேண்டும். மரம் பேணுதல் அதில் இடம்பெற வேண்டும். குடிசைப் பகுதிகளிலிருந்தே நடவு தொடங்க வேண்டும்.

காட்டைக் காக்கும் போராட்டம், உழைக்கும் மக்களின் வாழ்வுரிமைப் போராட்டத்தின் பிரிக்கவியலாத பகுதி. அதைத் தொழிற்சங்கக் கிளைகள்தோறும் கொண்டுசெல்வோம்!