துப்பாக்கி இல்லாத மான் வேட்டை



காலை வேளையில் தண்ணீர்மலைப் படிகளில் ஏறி இறங்கும் இளைஞர்கள் சிலர் எனக்குப் பழக்கமானவர்கள். அவர்களில் ஒருவர் ஒருநாள் கேட்டார்: "ஐயா, நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவராயிற்றே, மான் வேட்டைக்குப் போனதுண்டா? முதல் தடவை நடந்தே போகிறவன் எதையெல்லாம் தயார் செய்துகொள்ள வேண்டும்?" துப்பாக்கி, தோட்டா, டார்ச் விளக்கு என்று நான் அடுக்குவேன் என எதிர்பார்த்தார். நான் சொன்ன பதில் வேறு. அதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் மான் என்றால் எது என்று பார்ப்போம். நாம் இரண்டு வகை விலங்குகளை இந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். கடமான், புள்ளிமான் போன்றவற்றின் கொம்பு கிளை விடும். உதிர்ந்து மறுபடி முளைக்கும். இரலை இனம் அப்படியல்ல. அதன் கொம்பு எலும்பின்மேல் போர்த்திய உறை போன்றது. கிளை விடாது, உதிராது. மலேசியக் காட்டில் கடமானும், மலாய்க்காரர்கள் கீஜாங் என்று சொல்லும் கேளையாடும், கஞ்சில் என்னும் சருகுமானும் உண்டு, இரலை கிடையாது. அதற்குக் கிட்டத்தட்ட உறவான கம்பிங் குருன் என்னும் மலையாடு பேராக், கெடா, பெர்லிஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் வாழ்கிறது. அதை வேட்டையாடச் சட்டம் இடம் தருவதில்லை. கடமான், கேளையாடு இவற்றின் எண்ணிக்கை குறைந்துபோனதால், 2009-இல் அவற்றை வேட்டையாடும் உரிமமும் நிறுத்தப்பட்டது.

நான் வேட்டைக்குப் போனது 1968-இல். எனக்கு அப்போது பதினெட்டு வயது. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தாய்மாமன் காவல் வேலை பார்த்தார். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருந்தார். ஒருநாள் விடியற்காலை பசியாறாமலே கிளம்பினோம். காலில் ரப்பர் செருப்பு, சட்டைப் பையில் சில்லறைக் காசு, தலையில் வாசனை எண்ணெய். பால்மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு கேளையாடு நின்றது. "பொறு மாப்பிள்ளை" என்று மாமா சொல்லி முடிப்பதற்குள் நான் விசையை இழுத்துவிட்டேன். அது விழவில்லை. பின்னங்காலை இழுத்துக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

பொழுது சாயும் வரை இரத்தத் துளிகளைத் தேடி நடந்தோம். ஓடைக்கரையில் தடம் மறைந்தது. அன்றிரவு மாமா சாப்பிடவில்லை. "மாப்பிள்ளை, சுடத்தான் சொல்லிக் கொடுத்தேன். காத்திருக்கச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது" என்றார். தப்பு யாருடையது என்பது எனக்குத் தெரியும். அந்த விலங்கு எத்தனை நாள் கிடந்து செத்ததோ என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

அதன்பிறகு நான் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆனால் மாமா அதற்கடுத்த ஆண்டுகளில் எனக்குக் கற்றுக் கொடுத்ததெல்லாம் வேட்டைக்காரனின் வித்தைதான். அந்த வித்தையோடு ஓர் இரலையின் அருகில் நடந்து போகும் வாய்ப்பு பல ஆண்டு கழித்துக் கோடிக்கரையில் கிடைத்தது.

நம்மில் பலருடைய பாட்டனும் பாட்டியும் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்கள். அந்த நாகப்பட்டினத்துக்குத் தெற்கே வேதாரண்யம். அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கோடிக்கரை. நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற மலேசியத் தமிழர்கள் ஏராளம். இன்னும் சிறிது தூரம் தெற்கே போனால் இந்த மானைப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 1967-இல் அந்தக் கடலோரக் காடும் புல்வெளியும் சரணாலயம் ஆயின. வெளிமான், புல்வாய், இரலை என்று பல பெயர் கொண்ட மான் அங்கே வாழ்கிறது. ஆண் மானுக்கு மேலே கறுப்பு, வயிற்றிலும் கண்ணைச் சுற்றியும் வெள்ளை, தலையில் முறுக்கிய கொம்பு. பெண் மான் வெளிர் பழுப்பு; பெரும்பாலும் அதற்குக் கொம்பிராது.

ஒரு காலத்தில் இந்தியச் சமவெளிகளில் இந்த மான் பெருங்கூட்டமாக மேய்ந்தது. வேட்டையாலும், புல்வெளிகள் வயல்களானதாலும் அருகிப்போனது. இதைத் துரத்திப் பிடித்து வாழ்ந்த சிவிங்கிப் புலி இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவித்தார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் மானைக் காப்பாற்றியது. இன்று அதைச் சுட்டால் சிறைத் தண்டனை உண்டு. ஆகவே நாம் கொண்டு போவது கண்ணும் காலும், வேண்டுமானால் ஒரு காமிராவும்தான். ஆனால் தயாரிப்பில் ஒன்றும் குறையக்கூடாது. சொல்லப் போனால், துப்பாக்கி தொலைவிலிருந்தே வேலையை முடித்துவிடும். நாமோ இன்னும் நெருங்க வேண்டும்.

முதல் தயாரிப்பு உடை. பச்சை, பழுப்பு, சாம்பல் போன்ற மங்கிய நிறம் போதும். மானுக்கு நம்மைப் போல் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஆனால் பளிச்சென்ற வெள்ளையும் சிறு அசைவும் உடனே தெரியும். காலுக்கு மெல்லிய அடியுள்ள, பழகிய மூடு காலணி வேண்டும். நெருஞ்சியும் கருவேல முள்ளும் நிறைந்த மண் அது, பாம்பும் உண்டு. சாவிக்கொத்து, சில்லறைக் காசு, சரசரக்கும் பிளாஸ்டிக் பை ஆகியவற்றை அறையிலேயே விட்டுவிடுங்கள். குடிக்கத் தண்ணீரும் தலைக்குத் தொப்பியும் கட்டாயம்.

இரண்டாவது காற்று. மானின் மூக்கை யாராலும் ஏமாற்ற முடியாது. அத்தரும் வாசனை எண்ணெயும் அன்று வேண்டாம். ஒரு சிட்டிகைத் திருநீற்றையோ புழுதியையோ விரலிடுக்கில் விட்டுப் பாருங்கள். அது உங்கள் முகத்துக்கு எதிரே பறந்து வந்தால் முன்னே போகலாம். முதுகுப் பக்கமிருந்து மானை நோக்கிப் பறந்தால் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கடலோரத்தில் பொழுது ஏற ஏறக் கடற்காற்று எழும். எனவே காலையில் பார்த்த திசையை நம்பி நாள் முழுதும் நடக்காதீர்கள்.

மூன்றாவது நடை. இதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். காலை உரசாமல் தூக்கி, பாதத்தின் வெளியோரத்தை முதலில் வைத்து, சருகோ சுள்ளியோ இல்லை என்று தெரிந்த பிறகு பாரத்தை ஏற்ற வேண்டும். பத்தடிக்கு ஒருமுறை நின்று கேளுங்கள். வெட்டவெளியில் மானை நோக்கி நேராக நடந்தால் அது உங்களைப் புலியாகவே எண்ணும். வேறெங்கோ போகிறவர் போலச் சாய்வாகக் கடந்து செல்லுங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள்.

நான்காவது, எங்கே நிற்பது என்று தெரிந்திருப்பது. மேயும் மான் தலையைத் தூக்கினால் அசையாமல் நில்லுங்கள். மறுபடி குனிந்து மேய்ந்தால் இரண்டடி போகலாம். தூக்கிய தலையை இறக்காமல் முன்னங்காலைத் தட்டினால், அதுதான் எல்லை. வந்த வழியே பின்வாங்குங்கள். ஒரு மான் துள்ளினால் கூட்டமே துள்ளி ஓடும். கொளுத்தும் வெயிலில் கூட்டத்தை ஓடவிடுவது, துப்பாக்கி இல்லாமல் செய்யும் கொடுமை. இன்னொன்று: தாய்மான் புதுக் குட்டியைப் புல்லுக்குள் மறைத்துவிட்டு மேயப் போகும். தனியே கிடக்கும் குட்டியைப் பார்த்தால் அநாதை என்று எண்ணித் தூக்கிவிடாதீர்கள். தொடாமல் விலகிச் செல்லுங்கள். தாய் திரும்பி வரும்.

நான் கோடிக்கரைக்குப் போனது 1996-இல். வேதாரண்யத்துப் பக்கம் என் பாட்டியின் ஊர். வனத்துறையில் அனுமதி பெற்று, ஒரு வனக்காவலருடன் விடியுமுன் நடந்தேன். "ஐயா, நேரா போகாதீங்க, அந்தப் புதரைப் பிடிச்சுக்கிட்டு சுத்தி வாங்க" என்றார் அவர். மாமாவே பேசுவது போலிருந்தது. ஒரு மணி நேரத்தில் இருநூறு அடி தூரம்தான் நகர்ந்திருப்போம். புதரின் மறுபுறம் ஒரு கறுத்த ஆண் மான், பனி நனைந்த புல்லைப் பற்களால் பறிக்கும் ஓசை கேட்கும் தூரத்தில் நின்றது. என் கழுத்தில் காமிரா தொங்கியது. அதைத் தூக்கினால் மான் போய்விடும் என்று தோன்றியது. தூக்கவில்லை. மான் மேய்ந்தபடியே தானாக நகர்ந்து சென்றது; ஓடவில்லை. ஊர் திரும்பியபோது காட்டுவதற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை. மாமா நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "ஓடலையா?" என்று மட்டும் கேட்டார். "இல்லை மாமா" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

கோடிக்கரைக்கும் கவலைகள் உண்டு. சீமைக் கருவேலம் புல்வெளியை விழுங்கி வருகிறது. 2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் பல மான்கள் மடிந்தன. நாமும் துரத்தி அலைக்கழிக்க வேண்டாம் என்று இவ்வளவு சொல்கிறேன்.

இந்தப் பயிற்சிக்குக் கப்பலும் விமானமும் ஏற வேண்டியதில்லை. தண்ணீர்மலையின் கீழே 1884-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. பின்னால் பினாங்குக் கொடிமலைக் காடு இருக்கிறது. வெள்ளைக் கண்வளையம் கொண்ட இலைக்குரங்கும், கரிய பெரிய அணிலும் அங்கே உண்டு. நாளைக் காலை சாவிக்கொத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். காற்றைப் பாருங்கள். ஓர் இலைக்குரங்கு தளிரைத் தின்பதை நிறுத்தாத அளவுக்கு அருகில் போய், அது உங்களைக் கவனிக்குமுன் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு மாதம் இப்படிப் பழகிய பிறகு மானைப் பார்க்கப் புறப்படலாம்.